மலை மேல மாவுக்கடை

நவம்பர் 3, திங்கள்

காலையில இருந்து தூறல். துணி காயல. உளுந்து ஒரு ஈடு போட்டாச்சு, அரிசி இன்னும் ஊறுது.

மொதல்ல இதை எழுதிடறேன், வெளிய யார்கிட்டயும் சொல்ல முடியாது. இன்னிக்கு ஒரு ராஜாவுக்காக நைட்டி மேல துண்டு போட்டுகினேன்.

நடந்தது இது. மருமக குளிக்கப் போயிருந்தா. ஹால்ல அவ லேப்டாப்பு தொறந்து கெடந்தது. பெருக்கப் போனேன். திடீர்னு ஒருத்தன் ஸ்கிரீன் முழுக்க வந்து நிக்கறான். தாடி, கிரீடம், தோள்ல ஏதோ மிருகத் தோலு. என்னையே பாத்து என்னமோ ஒரு பாஷையில பேசறான். ஆபீஸ்ல இருந்து வீடியோ கால்னு நெனச்சுட்டேன். கிரீடம் எதுக்குன்னு அப்ப தோணல. நாற்காலியில கெடந்த துண்டை இழுத்து மேல போட்டுகினு, "இருங்க சார், குளிக்கறா, வந்துருவா"ன்னேன். அவன் கையைக் கட்டிகினு நின்னான். நானும் நின்னேன். "டீ சாப்பிடறீங்களா" நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு.

மருமக தலையில ஈரத் துண்டோட வந்து பாத்தா.

"அத்தை, அது விளையாட்டு."

அவ்ளோதான் சொன்னா. சிரிக்கல. ஆனா ஒதட்டை உள்ள இழுத்துக் கடிச்சுகினு போனா. பாத்துட்டேன்.

இந்த டைரி வீட்டுக்காரர் வேலை பாக்கற உரக்கடையில குடுத்தது, அட்டையில நெல்லுக்கதிர். சும்மா கெடக்கறதுக்கு எழுதலாம். மருமகளை பே.ன்னு எழுதறேன், பேச்சியம்மாள்னு முழுசா எழுத சோம்பேறித்தனம். பையன் சதீஷ், ச. வீட்டுக்காரர், வீ.

பே. திருநெல்வேலிப் பக்கம். ச.வும் அவளும் சென்னையில ஒரே கம்பெனி, அங்கயே பாத்து அங்கயே புடிச்சுப் போச்சு. இப்ப ச.க்கு திண்டிவனத்துல வேலை. இவளுக்கு வீட்ல இருந்தே லேப்டாப்புல வேலை. வந்த புதுசுல நல்லாத்தான் பேசினா. "காப்பி குடிக்கியளா அத்த?" "மாமா எங்க போயிருக்காவ?" கேக்க அவ்ளோ ஜோரா இருக்கும். எனக்கு வாய் சும்மா இருக்குமா? தீபாவளிக்கு நாத்தனாருங்க எல்லாம் வந்திருந்தப்ப அவ மாதிரியே பேசிக் காமிச்சேன். நடந்து வேற காமிச்சேன். வீடே சிரிச்சுது. அவளும் சிரிச்ச மாதிரிதான் இருந்தது.

மறுநாள்ல இருந்து டிவியில நியூஸ் வாசிக்கற பொண்ணு மாதிரி ஆயிட்டா. சரி அத்தை. வேண்டாம் அத்தை. சாப்பிட்டுவிட்டேன் அத்தை. அதுக்கு மேல ஒண்ணும் கெடையாது. பேரு மட்டும் பேச்சி.

முந்தாநேத்து மாடியில துணி எடுக்கச்சொல்ல காதுல விழுந்தது. போன்ல அவங்க அம்மாகிட்ட: "இங்க நான் வாயத் தொறந்தாலே சிரிக்காவம்மா. தொறக்காமலே இருந்துட்டா ஒரு பெரச்சினையும் இல்லல்லா."

துணியைக் கொடியிலயே விட்டுட்டு எறங்கி வந்துட்டேன். நனைஞ்சுது.

ச. திண்டிவனத்துல வீடு பாக்கறானாம். பஸ்ல போயிட்டு வர்றது கஷ்டமாம். இத்தினி நாளா இல்லாத கஷ்டம்.

பே. மூஞ்சியில வெளிச்சம் வர்றது அந்த விளையாட்டு முன்னாடி மட்டும்தான். ஆபீஸ் வேலை முடிஞ்சதும் உக்காந்துடுவா. அதனால முடிவு பண்ணிட்டேன். அந்த ராஜா ஆட்டத்தைக் கத்துக்கறது. அஞ்சாவதோட நின்னவதான். டிவி ரிமோட்டு கத்துக்கலியா?

நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்ல. கரண்ட் ரெண்டு தடவை போச்சு.

சாயங்காலம் போய்க் கேட்டேன். "பேச்சி, அந்த தாடிக்காரன் ஆட்டம் எனக்கும் சொல்லிக் குடும்மா."

நான் கேலிக்குத்தான் கேக்கறேன்னு நெனச்சா போல. ரொம்ப நேரம் மூஞ்சியைப் பாத்தா. அப்பறம், "சரி அத்தை."

ஆட்டம் இன்னான்னா: காட்டுல ஒரு கூட்டம் நிக்குது. அதுங்களுக்கு ஒரு எடம் பாத்து ஊரு அமைக்கணும். உழுவணும், ரோடு போடணும், பானை வனைய, எழுதப் படிக்கக் கத்துக்கணும். ஊரு பெருத்தா அடுத்த ஊரு. கடைசியில ராக்கெட்டு வரைக்கும் போவுமாம். நம்மள மாதிரியே வேற ராஜாங்களும் அங்கங்க கட்டிகினு இருப்பானுங்க. அவசரமே கெடையாது, தாயம் மாதிரி. நாம ஒரு தடவை, அவனுங்க ஒரு தடவை.

மொதல் வேலை ஊரு. பே. ஆத்தோரமா வெரலை வச்சுக் காமிச்சா. பச்சைப்பசேல்னு எடம், மாடுங்க மேயுது. நான் பக்கத்துல இருந்த பாறை மலையைக் காமிச்சேன்.

"அங்கே உணவு கிடைக்காது, அத்தை."

"ஏம்மா, காலையில எழுந்து பல்லு தேய்க்கச்சொல்லவே எதிர்ல ராஜகிரி மலைக் கோட்டையப் பாக்கறவ நான். கோட்டை எங்க கட்டணும்னு எனக்கா சொல்ற?"

"சரி அத்தை."

மலை உச்சியில நட்டாச்சு. பேரு வைக்கச் சொன்னா. வீட்ல இட்லி மாவு விக்கறவ வேற இன்னா சொல்லுவா, மாவுக்கடைன்னேன். இங்கிலீசுல அடிச்சா. கொடி பறந்துது. மனசு நெறைஞ்சுது, பொய் சொல்லல.

அப்பறம் நாலு தடவை பட்டன் அமுக்கினேன். ஒண்ணும் நடக்கல. இட்லிக்கு அரைக்கப் போயிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

வெயில். கொஞ்சம் புழுக்கம். மாவு சீக்கிரம் புளிக்குது, தண்ணி குறைச்சேன்.

கத்துகினது:
ஆப்பிள் படம்னா சோறு.
பல்சக்கரம்னா வேலை.
குடுவைன்னா படிப்பு.
சிரிச்ச மூஞ்சின்னா ஜனங்க நல்லா இருக்காங்க. அழுத மூஞ்சி வந்தா நம்ம மேல கோவம்.

எல்லார் வீட்டு நெத்தியிலயும் இந்த மூஞ்சி இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்.

என் ஊர்ல சிரிச்ச மூஞ்சியும் இல்ல, அழுத மூஞ்சியும் இல்ல. ஆளே ஒருத்தன்தான். ஆப்பிளே வரல, பாறைதான். நம்ம கோட்டையில மலை உச்சியிலயே சுனை இருக்குதே, நெல்லு கொட்ட களஞ்சியம் இருக்குதேன்னு சண்டை போட்டேன்.

"கீழே வயல் இருந்தது அத்தை. அங்கிருந்து மேலே ஏற்றினார்கள்."

ஏற்றினார்கள்! வாயில விரல் வச்சுக்கணும் போல இருந்தது. வைக்கல.

வீ. சாப்பிட்டுகினே எட்டிப் பாத்தாரு. "ஒத்த ஆளு ஊரா? அங்க யாரு தலைவரு, யாரு எதிர்க்கட்சி?"

"அவனேதான் ரெண்டும்."

"அப்ப ஒழுங்கா நடக்கும்."

மாவு வாங்க வசந்தா வந்தா. எதிர் வீடு. கேட்டுக்கு வெளிய நின்னுகினே கழுத்தை நீட்டினா.

"இன்னாக்கா, மருமவ ஆபீஸ் வேலையையும் நீயே பாக்கறியா?"

"ராஜ்யம் பாக்கறேன். ஓரமா நில்லு, யானை வருது."

பே. திரும்பிக்கினா. தோள் லேசா ஆடுச்சு. சிரிச்சாளா, தும்மினாளா தெரியல.

நவம்பர் 7, வெள்ளி

சந்தை. விடிகாலையில இருந்தே ஆடு ஏத்தின வண்டிங்க. தெருவெல்லாம் புழுக்கை. வெங்காயம், பச்சமொளகா, வெந்தயம் வாங்கினது. கொத்தமல்லி மறந்துட்டேன்.

இன்னிக்கு ஆட்டத்துல தாடிக்காரன் என் ஊருக்கும் வந்துட்டான். இந்தத் தடவை நைட்டியோடவே உக்காந்திருந்தேன், பழகிப் போச்சு. ஏதோ கேட்டான். ரெண்டு பட்டன் வந்துது. பே. தண்ணி குடிக்க உள்ள போயிருந்தா. வாசல்ல வந்து ஒருத்தன் கேட்டா நாம இன்னா சொல்லுவோம்? வாங்கன்னுதான் சொல்லுவோம். மேல் பட்டனை அமுக்கினேன்.

பே. சொம்போட வந்து பாத்தா. மலையைச் சுத்தி அவன் ஆளுங்க. ஈட்டி, குதிரை, யானை.

"அய்ய, இவனுவள ஏன் உள்ள விட்டிய?"

உடனே சொம்பை வாய்க்கிட்ட கொண்டுபோயிட்டா. குடிச்சு முடிச்சு, "ஏன் உள்ளே விட்டீர்கள், அத்தை?"

விட்டிய. இவனுவள. என் காதுல தேன் ஊத்தின மாதிரி. நாக்கு உள்ள துடிக்குது. திருப்பிச் சொல்லிப் பாக்கணும் போல, அப்பிடி ஒரு அரிப்பு. பல்லைக் கடிச்சுகினு ஸ்கிரீனையே பாத்தேன். "வழி கேட்டான்மா, விட்டேன்"னு மட்டும் சொன்னேன். பொறந்ததுல இருந்து இவ்ளோ பெரிய வேலை நான் செஞ்சதில்ல.

அவ விளக்கினா. அவன் தன் படையை நம்ம எல்லை வழியா கூட்டிப் போகலாமான்னு கேட்டிருக்கான். அப்படிக் கேக்கறவன் நின்னு பாத்துட்டுத்தான் அடிப்பானாம். எது கேட்டாலும் படிச்சுப் பாக்காம சரின்னு அமுக்கக் கூடாதாம்.

"சரி"ன்னேன்.

நவம்பர் 9, ஞாயிறு

மேகம். நாத்தனார் போன், பேசல, கையெல்லாம் மாவுன்னு சொல்லிட்டேன்.

ச. சொன்னான், திண்டிவனத்துல ஒரு வீடு நல்லா இருக்குதாம், வர்ற ஞாயிறு ரெண்டு பேரும் போய்ப் பாக்கறாங்களாம். மாடி வீடாம். தண்ணி வசதியாம்.

"தண்ணி இங்க இல்லியா?"

"அதில்லம்மா."

"எதில்ல?"

"விடும்மா."

வீ. பேப்பர் படிக்கற மாதிரி உக்காந்திருந்தாரு. போன வாரத்துப் பேப்பர்.

மத்தியானம் தாடிக்காரன் அடிச்சான். நாலு பக்கமும் படை. பே. நாற்காலியை என் பக்கத்துல இழுத்துப் போட்டு உக்காந்துட்டா, முட்டி இடிக்குது. என்கிட்ட இருந்தது ஒரே ஒரு வில்லுக்காரன். யானையெல்லாம் பாறையில ஏற முடியாம கீழயே சுத்துது. ஏறினவனை வில்லுக்காரன் தட்டிவிட்டான். பே. மூச்சைப் புடிச்சுகினு பாக்கறா. கடைசியில தாடிக்காரனே சமாதானத்துக்கு வந்தான். என் ஊரு விழல!

"பாத்தியா, மலைன்னா மலைதான்"ன்னு குதிச்சேன்.

"அத்தை, அவன் விட்டுவிட்டுப் போனது, எடுத்துக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை என்பதால்."

அதுவும் சரிதான். ஆளு இன்னமும் ஒருத்தன்.

நவம்பர் 10, திங்கள்

நல்ல மழை. கூரை ஓரமா ஒழுகுது, பக்கெட்டு வச்சிருக்குது.

கேக்கணும் கேக்கணும்னு இருக்கேன், வாய் வரல. மன்னிச்சுக்கோன்னு எங்க வீட்ல யாரும் யார்கிட்டயும் சொன்னதே கெடையாது. தப்பு பண்ணா அடுத்த வேளை அவங்க தட்டுல கூட ஒரு தோசை விழும். நெய் ஊத்தினா பெரிய தப்புன்னு அர்த்தம். வீ. தோசைக்கு நான் நெய் ஊத்தினது ரெண்டு மூணு தடவை இருக்கும். அவரு எனக்கு ஒரு தடவைகூட தோசை சுட்டதில்ல. அதுக்கு வேற அர்த்தம்.

காலையில பே. தட்டுல நெய் தோசை போட்டேன். "போதும் அத்தை." இன்னொண்ணு போட்டேன். "அத்தை, போதும்." இன்னொண்ணு. அவ ச.வைப் பாத்தா. ச. என்னைப் பாத்தான். "அம்மா, அவ கொழந்தைக்குச் சாப்பிடறான்னு எதாவது நெனச்சுகினியா? அப்பிடி ஒண்ணும் இல்ல." திருநெல்வேலியில தோசைக்கு அர்த்தம் வேற போல. அவ கஷ்டப்பட்டு தின்னுட்டு எழுந்தா.

சாயங்காலம் அவளே கூப்பிட்டா. அவளோட ஆட்டத்தைக் காமிச்சா. கல்யாணத்துக்கு முன்னாடி இருந்து ஆடறதாம். யப்பா. ஆறு நெளிஞ்சு நெளிஞ்சு போவுது, ரெண்டு கரையிலயும் ஊரு ஊரா, வயலு, பாலம், துறைமுகம். எங்க பாத்தாலும் சிரிச்ச மூஞ்சி. ஒவ்வொரு ஊருக்கும் பேரு வச்சிருக்கா. பெரிய ஊருக்கு அவங்க அம்மா பேரு. பக்கத்துல அக்கா பேரு. அவ கூடப் படிச்ச பொண்ணுங்க, அவங்க வீட்டு ஆட்டுக்குட்டி பேருகூட ஒரு ஊருக்கு. கடலோரமா சின்னதா ஒண்ணு சதீஷ். ஒவ்வொண்ணா தொட்டுத் தொட்டு வாசிச்சா. அப்ப மட்டும் கொரல் வேற மாதிரி.

இவ ஊரு இதுக்குள்ளதான் இருக்குதுன்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுது.

என் பேர்ல ஒரு ஊரும் இல்ல. கேக்கல.

நவம்பர் 11, செவ்வாய்

தூறல். வெந்தயம் கூடிப்போச்சு, ரெண்டு பேரு சொல்லிட்டாங்க கசக்குதுன்னு. வசந்தா சொன்னா கசப்பு ஒடம்புக்கு நல்லதுன்னு. அதனால அவளுக்கே மிச்சம்.

பே.க்கு ஆபீஸ் மீட்டிங்கு, போன்ல பேசிகினே மாடிக்குப் போயிட்டா. லேப்டாப்பு சும்மா. நானே தனியா ஆடினேன். கீழ ஆத்தோரமா ரெண்டாவது ஊரு வச்சுட்டேன்! அவ சொன்ன எடத்துல. பேரு அடிக்கத் தெரியல, ஏதோ ரெண்டு எழுத்து தட்டினேன், TT ன்னு வந்துது. ஆப்பிளா கொட்டுது.

பத்திரமா எடுத்து வைக்கணும்னு சேவும் நானே பண்ணேன். அவ பண்ணறதைப் பாத்துப் பாத்து மனப்பாடம். பட்டியல் வந்துது. மேல இருந்ததை அமுக்கினேன். ஏதோ கேட்டுது. சரின்னேன்.

நவம்பர் 12, புதன்

மழை விட்டு வெயில். ஆபீஸ் லீவாம் பே.க்கு. ச. ஷிப்டு மாத்தி வீட்ல. வீ. உரக்கடைக்குக் கெளம்பிகினு இருந்தாரு. நான் கிரைண்டர்ல உளுந்து போட்டுட்டு வெளிய வசந்தாவுக்கு நேத்து மாவை அளந்துகினு இருந்தேன்.

ஹால்ல இருந்து ஒரு சத்தம்.

"அத்தேஏஏ!"

பாம்புன்னு நெனச்சேன். கரண்டியோட ஓடினேன். லேப்டாப்புல என் பாறை மலை, என் ஒத்த ஆளு, TT. அவ ஆட்டத்தைத் தொறந்தா இதுதான் வருதாம். அவ ஆறு, பாலம், அவங்க அம்மா, அக்கா, ஆட்டுக்குட்டி, ஒண்ணும் இல்ல. நேத்து நான் சேவ் பண்ணது அது தலை மேலயே பண்ணிட்டேனாம். 'பழசை அழிச்சுடட்டுமா'ன்னுதான் கேட்டிருக்குது.

பே. எழுந்து நின்னுட்டா. மூஞ்சி செவந்து போச்சு.

"ஒங்களுக்கு என்ன கோட்டி புடிச்சிருக்கா அத்த?"

"கோட்டையை யாரும் புடிக்கலியேம்மா, மேலதான் இருக்குது பாரு."

"கோட்டையா? கோட்டி அத்த, கோட்டி! கிறுக்கு! அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லா, என்ன கேக்கான்னு பாக்காம அமுக்காதியன்னு? எவன் வந்து என்னத்தக் கேட்டாலும் சரி, சரி, சரி! வீட்டக் கொளுத்தட்டுமான்னு கேட்டாலும் சரிம்பியளா? ரெண்டு வருசமா கட்டுனது! எங்கம்ம போச்சு, எங்கக்கா போச்சு. இவிய என்னடான்னா ஒத்த ஆள வச்சிக்கிட்டு மாவுக்கடை நடத்துதாவ!"

நிறுத்தவே இல்ல. ச. பல்லு வெளக்கிகினு இருந்தவன் பிரஷ்ஷோட வந்து நிக்கறான். வீ. ஒரு செருப்பு போட்டுகினு, ஒரு செருப்பு கையில. வசந்தா கேட்டுக்கு உள்ள வந்தே நிக்கறா, மாவு வாளியோட. நான் கரண்டியோட.

அப்பறம் அவளுக்கே கேட்டுருச்சு போல. டக்குனு வாயை மூடிட்டா. எங்க எல்லாரையும் ஒவ்வொருத்தரா பாத்தா. கண்ணுல தண்ணி.

"சிரிக்கணும்னா சிரிங்க."

எனக்கு சிரிப்பு வரல. நெஜமா வரல. "ஆட்டுக்குட்டி ஊரு எந்தப் பக்கம் இருந்துதுன்னு ஞாபகம் இருக்குதாம்மா?"ன்னு கேட்டேன். "நான் உக்காந்து திரும்பக் கட்டறேன். ஆத்தோரமாவே."

அவ மூக்கைத் தொடச்சா. "நீங்க கட்டுதியளா?"

"ஆமா."

"கோட்டைய யாரும் புடிக்கலியாம்"னு முணுமுணுத்தா. மறுபடி சொன்னா. அப்பறம் அவளால முடியல, வயித்தைப் புடிச்சுகினு தரையிலயே உக்காந்துட்டா. ச. நொரையோட சிரிச்சான். எனக்கு மட்டும் பயமா இருந்தது, எங்க நான் தப்பா எதாவது சொல்லிடுவேனோன்னு. வாயைத் தொறக்கல.

மத்தியானம் வரைக்கும் திட்டிகினே சொல்லிக் குடுத்தா. அங்க வையிங்க. அங்க இல்ல, இங்க. என்னத்தப் பாக்கிய, மவுஸ விடுங்க. பெரிய ஊருக்கு அவங்க அம்மா பேரு. அக்கா பேரு. மூணாவதுக்கு என் பேரை இங்கிலீசுல எப்பிடி எழுதுவியன்னா. எனக்குத் தெரியாதுன்னேன். அவளே எதையோ அடிச்சா.

ச. கேட்டான், ஞாயித்துக்கெழமை திண்டிவனம் எத்தினி மணிக்குன்னு.

"இந்த ஞாயிறு முடியாது. அத்த எனக்கு நாடு கட்டித் தரணும்."

அப்பதான் ஞாபகம் வந்துது, கிரைண்டர். காலையில போட்டது, யாரும் நிறுத்தல. உளுந்து பொங்கி, டிரம்மை விட்டு எறங்கி, சமையல்கட்டு தாண்டி, ஹால்ல நாற்காலிக் கால் வரைக்கும் வந்திருந்தது. வழி விடச் சொல்லி யாரையும் கேக்கல.

தொடச்சேன்.